ஐந்தாம் தாளில் ஒரு சுழி

பொறாமை என்ற குணமே தனக்குக் கிடையாது என்று ஜெபமலர் டீச்சர் அடித்துச் சொல்லுவாள். நாற்பத்தொரு வயதுவரைக்கும் அது உண்மையாகக்கூட இருந்திருக்கலாம். பொறாமைப்படுவதற்கு ஆள் வேண்டுமே! தென்காசியில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர் அவள் ஒருத்திதான். அந்த வட்டாரத்தில் பியானோ வாசிக்கத் தெரிந்த தமிழச்சியும் அவள் ஒருத்திதான். இப்படித் தனியாக ஓடித் தனியாக முதல் பரிசு வாங்கிக்கொண்டிருந்தவளுக்கு, 1943ஆம் வருஷத்துச் சாரலோடு சேர்ந்து ஒரு போட்டியும் வந்து இறங்கியது.

சனிக்கிழமை ஆனால் அவள் குற்றாலத்துக்குப் பஸ் ஏறிவிடுவாள். யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல், பின்னால் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடிய பஸ் அது. ஏற்றத்தில் மூச்சு வாங்கி நின்றால் கண்டக்டர் இறங்கிப்போய்க் கரியைக் கிளறிவிட்டு வருவார். கூட வருகிறவர்கள் எல்லாரும் தலையில் எண்ணெய் வழிய அருவிக்குப் போகிறவர்கள். இவள் மட்டும் அருவிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஐந்தருவி ரோட்டில் மிஸ் ஹால்ராய்டு துரைசானியின் பங்களாவுக்கு நடப்பாள். கையில் ஒரு நோட்டு, ஒரு சிவப்புப் பென்சில், ஒரு நீலப் பென்சில்.

துரைசானி அதே பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் தலைமையாசிரியையாக இருந்தவள். ஓய்வு பெற்ற பிறகு சீமைக்குத் திரும்பாமல் குற்றாலத்துக் குளிரே போதும் என்று தங்கிவிட்டாள். எழுபது வயது, இரண்டு கண்ணிலும் புரை. தமிழை வேதாகமத்திலிருந்து கற்றுக்கொண்டவள் ஆகையால், குழம்பில் உப்புக் குறைந்தால்கூட "இது சாரமற்றுப் போயிற்று" என்பாள். அவளிடம் இரண்டு சொத்து உண்டு. ஒன்று, மழைக்காலத்தில் நாலு கட்டை ஒட்டிக்கொள்ளும் பியானோ. இன்னொன்று, தகரப் பெட்டியில் சூடம் போட்டு வைத்திருந்த பதினொரு தாள்.

அந்தத் தாள்களின் கதை இது. நூறு வருஷத்துக்கு முன்னால் ஜெர்மனியில் ஒரு சங்கீத வித்வான் இருந்தார். பியானோவுக்கென்றே எழுதியவர், இளவயதிலேயே காசநோயில் போய்விட்டார். அவர் பேரை ஜெபமலரால் கடைசிவரைக்கும் ஒழுங்காக உச்சரிக்க முடிந்ததில்லை. நாமும் அந்த வம்புக்குப் போக வேண்டாம். துரைசானியுடைய அப்பாவுக்கு அத்தை ஒருத்தி, சின்ன வயதில் அவரிடம் பியானோ கற்றவள். அவளுக்குக் கல்யாணம் ஆனபோது வித்வான் தம் கைப்பட எழுதிக் கொடுத்த பாட்டு அது. இராப்பாட்டு என்று துரைசானி அதற்குத் தமிழில் பேர் வைத்திருந்தாள். அத்தைக்காரி, கலெக்டர் கச்சேரியில் வேலையாயிருந்த ஒரு துரையைக் கட்டிக்கொண்டு பாளையங்கோட்டைக்கு வந்தாள். தாள்களும் அவளோடு கப்பலேறி வந்தன.

வித்வான் இறந்த பிறகு அந்தப் பாட்டு இரண்டு இடத்தில் அச்சானது. முதலில் லண்டனில், இரண்டு வருஷம் கழித்து ஜெர்மனியில். இரண்டு அச்சும் ஒத்துப்போகவில்லை. ஒன்றில் இருக்கிற சுரம் இன்னொன்றில் அரைப்படி இறங்கியிருக்கும். ஒன்றில் வளைகோடு நாலு சுரத்தைச் சேர்த்துக் கட்டியிருக்கும், இன்னொன்றில் மூன்றோடு நின்றுவிடும். எது சரி என்று தீர்ப்புச் சொல்ல வித்வானின் கையெழுத்துப் பிரதி ஒன்றால்தான் முடியும். அது குற்றாலத்தில் இருக்கிறது என்று துரைசானி லண்டனில் ஒரு பதிப்பகத்துக்கு எழுதிப்போட்டாள். மூன்றையும் ஒப்பிட்டு வேறுபாடுகளை அனுப்புங்கள், யுத்தம் முடிந்ததும் புதுப் பதிப்புப் போடுகிறோம் என்று பதில் வந்தது.

ஒப்பிடுகிற வேலை ஜெபமலர் தலையில் விழுந்தது. விழுந்தது என்று நாம்தான் சொல்லுகிறோம். அவள் அதைக் கிரீடமாகத்தான் வைத்துக்கொண்டாள். நெட்டுக்கோடு போட்டுத் தடுத்திருக்கும் ஒவ்வொரு கட்டத்தையும் பிரதியில் ஒரு தடவை, லண்டன் அச்சில் ஒரு தடவை, ஜெர்மன் அச்சில் ஒரு தடவை பார்க்க வேண்டும். சுரம் மாறியிருந்தால் சிவப்பு. கோடோ புள்ளியோ மாறியிருந்தால் நீலம். இரண்டு வருஷத்தில் முப்பத்தொரு வேறுபாடு கண்டுபிடித்திருந்தாள்.

"முன்னுரையிலே உன் நாமம் இருக்கும், ஜெபமலர்," என்று துரைசானி சொல்லியிருந்தாள். "ஒப்பிட்டுப் பார்த்தவள் இன்னாள் என்று அச்சிலே எழுதப்படும்."

அந்த ஒரு வரிக்காகத்தான் அவள் இரண்டு வருஷமாகக் கரிப் புகையைத் தின்றுகொண்டு போய்வந்தாள். கல்யாணம் ஆகவில்லை, பிள்ளை குட்டி இல்லை. இருபத்திரண்டு வருஷமாகக் காற்று ஒழுகும் ஆர்மோனியத்தை மிதித்துப் பிள்ளைகளுக்கு ஞானப்பாட்டுச் சொல்லிக்கொடுத்தாயிற்று. அவள் பேர் இதுவரை எழுதப்பட்டது ஞானஸ்நானப் பதிவேட்டிலும் பள்ளிக்கூட ரிஜிஸ்டரிலும்தான். லண்டனில் அச்சாகிற புஸ்தகத்தில் 'தென்காசி ஜெபமலர்' என்று ஒரு வரி வந்துவிட்டால் போதும், செத்தாலும் கவலையில்லை என்று நினைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் அப்படித்தான் நினைத்தாள்.

இந்த நிலைமையில்தான் மசூது தன் மகள் ஷமீம் பானுவைக் கூட்டிக்கொண்டு துரைசானியைப் பார்க்க வந்தார். ரங்கூனில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். ஜப்பான்காரன் குண்டு போட்டதில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, பாதி வழி நடந்தே தென்காசிக்கு வந்து சேர்ந்த குடும்பம்.

"எம்மக அங்கன கான்வென்ட்ல பியானோ படிச்சா, துரைசானிம்மா. குண்டு விழுந்ததுல அதுவும் போச்சு. இங்க வந்ததுல இருந்து சரியாச் சாப்பிட மாட்டேங்குதா. வாரத்துல ஒரு நா வந்து தொட்டுட்டுப் போவட்டுமா?" என்று கேட்டார்.

அன்றைக்கு ஜெபமலருக்கே கண் கலங்கிவிட்டது. பாவம், வரட்டும் என்று துரைசானியிடம் அவளும் சேர்ந்து சொன்னாள். அந்த இரக்கத்தைப் பிறகு எத்தனை தடவை நொந்துகொண்டாள் என்பதற்குக் கணக்கில்லை.

அடுத்த சனிக்கிழமை திரை போட்ட குதிரை வண்டியில் பானு வந்தாள். பத்தொன்பது வயது, மெலிந்த உடம்பு, நீளமான விரல்கள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்து, அச்சுத் தாளைப் பார்த்து இராப்பாட்டை முதல் தடவையாக வாசித்தாள். ஒட்டிக்கொள்ளும் நாலு கட்டைகளையும் எப்படியோ சமாளித்துக்கொண்டு போனாள். துரைசானி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். ஜெபமலர் அதைப் பார்த்தாள். ஜெபமலர் வாசிக்கும்போது துரைசானி ஒரு நாளும் கண்ணை மூடினதில்லை. எங்கே தப்பு வருமோ என்று விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. மூன்றாவது வாரம் பானு ஒப்பிடுகிற மேஜைக்கும் வந்துவிட்டாள்.

"நானும் ஒரு தாளு பாக்கட்டுமா, டீச்சர்?"

"பாரேன். பாத்தா தேஞ்சா போயிரும்?" என்றாள் ஜெபமலர். முப்பத்தொன்றுக்கு மேல் அதில் ஒன்றும் இல்லை என்ற தைரியம்.

பானு ஒரு தபால் கார்டை எடுத்து, நடுவில் ஒரு கட்டம் மட்டும் தெரிகிற அளவுக்குத் துவாரம் வெட்டினாள். பிறகு கடைசித் தாளின் கடைசிக் கட்டத்தின்மேல் அதை வைத்தாள்.

"என்னது, வாலுல இருந்து ஆரம்பிக்க?"

"ரங்கூன்ல ஒரு சிஸ்டர் இப்படித்தான் செய்வாங்க, டீச்சர். முன்னால இருந்து பாத்துட்டு வந்தா பாட்டு காதுக்குள்ள வந்துருது. காது முழிச்சா கண்ணு தூங்கிருது. பின்னால இருந்து வந்தா வெறும் மைதான் தெரியும்."

"பாட்டத் தலைகீழாப் படிச்சா நல்லாத்தான் இருக்கும்," என்று ஜெபமலர் உதட்டைச் சுழித்தாள்.

சாயங்காலத்துக்குள் பானு நாலு வேறுபாடு கண்டுபிடித்துவிட்டாள். ஒவ்வொன்றையும் ஜெபமலர் போய்ப் பார்த்தாள். தப்பாக இருக்க வேண்டும் ஆண்டவரே என்று வேண்டிக்கொண்டே பார்த்தாள். ஒன்றுகூடத் தப்பில்லை. இருபது தடவை அவள் கண் ஓடின கட்டங்கள்தான் எல்லாம். தாளில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல், மனசில் என்ன ஓடுகிறதோ அதையே தாளில் பார்த்திருக்கிறாள். ஆடி பிறப்பதற்குள் பானுவின் கணக்கு பன்னிரண்டு ஆனது.

"நீ கேட்கிறாய், ஜெபமலர்," என்றாள் துரைசானி அன்பாகத்தான். "அவளோ பார்க்கிறாள்."

அன்பாகச் சொன்னதுதான் ஜெபமலருக்கு ஆறவில்லை. வாரம் முழுக்க அந்த வார்த்தையை மென்றுகொண்டிருந்தாள். வகுப்பில் ஒரு பிள்ளை சுருதி விலகியதற்கு ஸ்கேலால் மேஜையை அடித்தாள். பானுவின் முக்காடு, பானுவின் விரல், டம்ளரைப் பிடிக்கும்போது சுண்டுவிரல் விலகி நிற்பது எல்லாமே அவளுக்கு எரிச்சலாக இருந்தது. சமையல்கார மாடக்கண்ணு, இதுவரை தனக்கு மட்டும் கொண்டுவந்து வைத்த பூப்போட்ட கோப்பையை ஒரு நாள் பானு முன்னால் வைத்தபோது, ஜெபமலர் காப்பியே குடிக்கவில்லை.

பிறகு நாலு நாள் விடாத சாரல். தாள்களின் மேல் விளிம்பு கிழிந்துவிடாமல் இருக்க அந்தக் காலத்திலேயே மெல்லிய துணிப்பட்டை ஒட்டியிருந்தார்கள். ஈரக் காற்றில் பழைய பசை இளகி, ஐந்தாம் தாளின் பட்டை ஓரத்தில் பெயர்ந்துகொண்டிருந்தது. பானு அதை நகத்தால் மெதுவாகத் தூக்கிப் பார்த்தாள்.

"டீச்சர்! இங்கன மேல ஒரு சுழி இருக்கு!"

சுழி என்பது ஜெபமலரின் வார்த்தை. சுரத்தின் தலையில், எஸ் எழுத்தைக் கிடத்திப் போட்டதுபோல ஒரு அடையாளம் சில பாட்டுகளில் வரும். அந்தச் சுரத்தை நேராக வாசிக்காமல் மேலும் கீழும் ஒரு சுற்றுச் சுற்றி வாசிக்க வேண்டும் என்று அதற்கு அர்த்தம். இங்கிலீஷ் பேர் பிள்ளைகள் வாயில் நுழையாது என்று அவள்தான் அதற்குச் சுழி என்று பேர் வைத்தாள். பானுவும் அவளிடமிருந்து அதைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

துரைசானி பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்தாள். ஐந்தாம் தாளின் முதல் சுரத்துக்கு நேர் மேலே, ஒரு வளைவும் ஒரு வாலும். பாட்டின் முதல் மெட்டு போய்விட்டுத் திரும்பி வருகிற இடம் அது. லண்டன் அச்சிலும் இல்லை, ஜெர்மன் அச்சிலும் இல்லை.

"நூறு வருஷமாய் மறைந்திருந்தது!" என்றாள் துரைசானி. "வாசி, குழந்தாய்."

பானு வாசித்தாள். மெட்டு திரும்பி வருகிற இடத்தில் அந்தச் சின்னச் சுற்று, வீட்டுக்குள் நுழையுமுன் ஒருத்தி வாசலில் ஒரு நிமிஷம் நின்றது போல இருந்தது. அழகாக இருந்தது. ஜெபமலருக்குக்கூட அழகாக இருந்தது, அதுதான் தாங்கவில்லை. இரண்டு வருஷமாக அந்தத் தாளைப் புரட்டினது தன் கை, பட்டையைத் தூக்க இவளுக்குத்தானா தோன்ற வேண்டும் என்று வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

திரும்புகிற பஸ்ஸில் அவள் கண்டக்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். கண்டக்டர் புதுச் சீட்டு ஒன்றை எடுத்தார், பென்சிலை நாக்கில் தொட்டார், உச்சியில் சட்டென்று ஒரு பிள்ளையார் சுழி போட்டார். பிறகுதான் தேதி எழுதினார். நித்தமும் பார்க்கிற காரியம்தான். கடைக்காரர் சீட்டு, கல்யாணக் கடிதாசி, வெளியூரிலிருந்து வருகிற தபால் கார்டு எல்லாவற்றின் தலையிலும் அது இருக்கும். கிறிஸ்தவ வேதக்காரி ஆனாலும் அதைத் தெரியாமல் யார் இந்த ஊரில் வளர முடியும்? ஒரு வளைவு, ஒரு வால். ஐந்தாம் தாளில் பார்த்ததும் இப்படித்தான் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை துரைசானியும் பானுவும் பின்வராந்தாவில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, தலைவலி என்று சொல்லி அவள் மேஜையிலேயே இருந்துகொண்டாள். கொண்டை ஊசியை உருவி முதல் தாளின் பட்டைக்கு அடியில் விட்டாள். பசை லேசாக விட்டுக்கொடுத்தது. உள்ளே, தாளின் நட்ட நடு உச்சியில், பளிச்சென்று ஒரு 'உ'. அதற்குக் கீழே இரண்டு சின்னக் கோடுகள். கீழே சுரம் ஒன்றும் இல்லை. அச்சு அசல் பிள்ளையார் சுழி.

ஜெர்மன் வித்வான் பிள்ளையார் சுழி போட்டா பாட்டு எழுதுவார்? இதை எழுதியது யாரோ தமிழன். பார்த்துப் பார்த்துப் படி எடுத்திருக்கிறான். முதல் நாள் முதல் தாளில் சுழி போட்டு ஆரம்பித்திருக்கிறான். இன்னொரு நாள் ஐந்தாம் தாளில் மறுபடி தொடங்கும்போது, பழக்க தோஷத்தில் மறுபடி ஒன்று போட்டிருக்கிறான். அப்படியானால் கடைசித் தாளில் இருக்கிற வித்வானின் கையெழுத்தும் அவன் போட்டதுதான்.

வராந்தாவில் சிரிப்புச் சத்தம் கேட்டது. ஜெபமலர் அடுக்களைக்குள் போய் ஒரு பருக்கைச் சோறு எடுத்துவந்து மசித்துப் பட்டையை ஒட்டி அமுக்கினாள்.

ஏன் ஒட்டினாள் என்று கேட்டால் அவளிடம் இரண்டு பதில் இருந்தது. துரைசானியின் உயிரே அந்தத் தாள்களில் இருக்கிறது, அதை எப்படி உடைப்பது என்பது ஒன்று. அது நல்ல பதில். பானுவின் கண்டுபிடிப்பு அச்சேறி நாறட்டும் என்பது இன்னொன்று. ஆனால் யோசிக்க யோசிக்க இரண்டாவதில் ஓட்டை தெரிந்தது. லண்டன்காரனுக்குப் பிள்ளையார் சுழியைப் பற்றி என்ன தெரியும்? நாறவே நாறாது. உலகத்தில் பியானோ வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் அந்த இடத்தில் பிள்ளையார் சுழியை வாசிப்பார்கள். கண்டுபிடித்தவள் ஷமீம் பானு என்றும் படிப்பார்கள்.

இப்படியே இரண்டு சனிக்கிழமை போயிற்று. மூன்றாவது சனிக்கிழமை துரைசானி முன்னுரையை எழுதி முடித்து, இருவரையும் உட்காரவைத்து, இங்கிலீஷில் வாசித்து, தமிழிலும் சொன்னாள்.

"இந்தப் பதிப்பின் சிறப்பான கண்டுபிடிப்பாகிய ஐந்தாம் தாளின் சுழியைக் கண்டவள் செல்வி ஷமீம் பானு. அவளுடைய கூர்மையான கண்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்." தாளைத் திருப்பினாள். "செல்வி ஜெபமலரும் உதவினாள்."

ஜெபமலரும். அந்த 'உம்' அவளைக் குத்திவிட்டது. இரண்டு வருஷம், முப்பத்தொரு வேறுபாடு, கரிப்புகை எல்லாம் சேர்ந்து ஒரு 'உம்'.

"அது சுழி இல்ல," என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "பிள்ளையார் சுழி. உங்க வித்வான் போட்டதில்ல, துரைசானிம்மா. யாரோ ஒரு கணக்கப்பிள்ள போட்டது."

துரைசானி புரியாமல் பார்த்தாள். ஜெபமலர் தகரப் பெட்டியைத் திறந்து முதல் தாளை எடுத்து, பட்டையை உரித்து மேஜையில் போட்டாள். துரைசானி அதைக் கண்ணாடியில் நெடுநேரம் பார்த்துவிட்டு, "மாடக்கண்ணு!" என்று கூப்பிட்டாள். மாடக்கண்ணு கையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"இது என்ன?"

"இதுவா? புள்ளையார் சுழிலா, துரைசானிம்மா!" என்றான் அவன். "நம்ம துரைமாரு பாட்டுலயும் புள்ளையார் இருக்காரா?" பயபக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டு அடுக்களைக்குப் போனான்.

துரைசானி எழுந்து உள்ளே போய், அத்தைக்காரியின் பழைய கடிதக் கட்டைக் கொண்டுவந்து, ஒரு கடிதத்தைப் பானுவிடம் நீட்டினாள். பானு ஒரு வரியை உரக்கப் படித்தாள். 'கலெக்டர் கச்சேரி எழுத்தர் என் சங்கீதத் தாள்களை எவ்வளவு திறமையாகப் படி எடுத்துத் தந்தார் என்றால், எது எது என்று எனக்கே தெரியவில்லை. கரையான் இனி எதையாவது ஒன்றைத் தின்னட்டும்' என்று இருந்தது.

"இதை நான் ஐம்பது தரம் வாசித்திருக்கிறேன்," என்றாள் துரைசானி. "எதையோ சொல்லுகிறாள் என்று விட்டுவிட்டேன்." கடைசித் தாளை எடுத்து அந்தக் கையெழுத்தின்மேல் விரலை வைத்தாள். தினம் காலையில் அவள் அதைத் தொட்டுப் பார்ப்பது வழக்கம் என்று ஜெபமலருக்குத் தெரியும். இப்போது விரலை எடுத்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

தான் செய்த காரியம் என்ன என்று ஜெபமலருக்கு அப்போதுதான் உறைத்தது. பானுவைக் குறிவைத்து எறிந்த கல் கிழவியின் நெற்றியில் போய் விழுந்துவிட்டது.

பானுதான் பேசினாள். "அந்த எழுத்தருக்கு பியானோ பாட்டு ஒண்ணும் தெரியாதுல்லா? அப்போ நல்லதுதான், துரைசானிம்மா. தெரிஞ்சவரா இருந்தா அங்கங்க திருத்தியிருப்பாரு. தெரியாததால மைப்பொட்டக்கூட விடாம எழுதி வச்சிருக்காரு. அசல் போனாலும் அசல்ல இருந்தது போவல. அந்த ரெண்டு சுழி மட்டும்தான் அவரு போட்டது. மத்த நாப்பத்து மூணும் நிக்குது."

துரைசானி மெல்லத் தலையசைத்தாள். பிறகு பானுவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பாருங்கள், இந்த நேரத்திலும் ஜெபமலருக்கு ஒரு பக்கம் சுருக்கென்றது. போட்டு உடைத்தவள் இவள். ஒட்டவைத்து நல்ல பேர் வாங்கிக்கொண்டவள் அவள்.

அந்த வாரம் பூராவும் துரைசானியிடமிருந்து தகவல் இல்லை. இனி வராதே என்று எழுதுவாள் என்றுதான் ஜெபமலர் எதிர்பார்த்திருந்தாள். வெள்ளிக்கிழமை ஒரு கார்டு வந்தது. 'வா. நல்ல பேனா கொண்டுவா' என்று மட்டும் இருந்தது.

துரைசானி ஒரே வாரத்தில் தளர்ந்திருந்தாள். ஆனால் முன்னுரையை மாற்றி எழுதியிருந்தாள். கிறுக்கலான எழுத்து. ஜெபமலரின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதால் அவள்தான் நல்ல பிரதி எடுக்க வேண்டும்.

"உண்மையை எழுதியிருக்கிறேன்," என்றாள். "எழுத்தரைப் பற்றியும் எழுதியிருக்கிறேன். அவருடைய அடையாளத்தை அறிந்து சொன்னவளும், மூன்றையும் ஒப்பிட்டவளும் தென்காசி ஜெபமலர் என்று இருக்கிறது. உன் நாமம் மட்டும். அந்தப் பெண் தன் பேர் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். நான் சற்றே படுத்திருக்கிறேன்."

உன் நாமம் மட்டும். இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான். ஜெபமலர் தாளை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். பானு பியானோ முன்னால் உட்கார்ந்து, ஒட்டிக்கொண்ட கட்டையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் உம்பேரு வேண்டாம்ன்ன?"

"நான் பாத்தது தப்புதானே, டீச்சர்."

"ஒண்ணுதான் தப்பு. பன்னெண்டு சரியில்லா?"

பானு கட்டையைத் துடைத்து முடித்துவிட்டு, தலையைத் திருப்பாமலே கேட்டாள்.

"நீங்க அதச் சொல்றதுக்கு மூணு வாரம் முன்னாலயே பாத்துட்டியள்லா?"

ஜெபமலர் கையிலிருந்த தாளை மேஜையில் வைத்தாள்.

"மொதத் தாளுல பழைய பசையெல்லாம் மஞ்சளா இருக்கும். ஒரு எடத்துல மட்டும் வெள்ளையா இருந்துச்சு. சோத்துப் பசை. அடுத்த வாரமே பாத்தேன். நீங்க எதையோ பாத்துட்டு மூடியிருக்கிய, துரைசானிம்மாக்குச் சங்கடம் வரக்கூடாதுன்னு வச்சிருக்கியன்னு நெனச்சு நான் தொறக்கல." துணியை மடித்து வைத்தாள். "எம்மேல உள்ள கோவத்துலதான்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

"துரைசானிகிட்ட சொன்னியா?"

"எதுக்கு?"

அவ்வளவுதான். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தாள். ஐந்தாம் தாளின் தொடக்கத்தில் இப்போது சுழி இல்லை. நேராக வாசித்துக்கொண்டு போனாள்.

திட்டியிருந்தால் ஜெபமலரும் நாலு வார்த்தை திருப்பித் திட்டியிருப்பாள். காட்டிக்கொடுத்திருந்தால் இன்னும் வசதி, ஆயுசுக்கும் வெறுத்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். அந்தப் பெண் அதற்கும் இடம் கொடுக்கவில்லை. அறிவிலும் மேலே, விரலிலும் மேலே, கண்ணிலும் மேலே, கடைசியில் குணத்திலுமா மேலே இருக்க வேண்டும்? அத்தனையையும் ஒரே ஆளுக்கு அள்ளிக் கொடுத்த ஆண்டவர்மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

மேஜையில் உட்கார்ந்து பிரதி எடுக்க ஆரம்பித்தாள். உள்ளதை உள்ளபடி எழுதிக்கொண்டே வந்தாள். எழுத்தரைப் பற்றிய பத்தி முடிந்தது. ஒப்பிட்டவர் பேர் வருகிற இடம் வந்தது. துரைசானியின் கிறுக்கலில் அங்கே ஒரே ஒரு பேர்தான் இருந்தது. அதை அப்படியே எழுதினால் யாரும் குற்றம் சொல்லப்போவதில்லை. பேனா மை காய்கிறவரைக்கும் ஜெபமலர் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி மையில் தொட்டாள். 'ஷமீம் பானு' என்று முதலில் எழுதினாள். இங்கிலீஷில் 'அண்ட்' என்று போட்டுவிட்டு, அதற்குப் பிறகு தன் பேரை எழுதினாள்.

துரைசானி விழித்து எழுந்து, புரைவிழுந்த கண்ணால் தாளின் அடியைத் தடவிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள். "எல்லாம் இருந்தபடியே எழுதினாயா?" என்றாள்.

"ஆமா," என்றாள் ஜெபமலர்.

தென்காசித் தபாலாபீசில் உறையை ஒட்டுமுன் இன்னொரு தடவை பிரித்துப் பார்த்தாள். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. தன் கையால் எழுதினதுதான், ஒரே பேனா, ஒரே மை. ஆனால் அந்தப் பெண்ணுடைய பேர்தான் அழகாக விழுந்திருந்தது. நாக்கால் ஈரப்படுத்தி உறையை ஒட்டிப் பெட்டியில் போட்டாள். வீட்டுக்கு நடக்கிற வழியெல்லாம் வயிறு எரிந்துகொண்டேதான் இருந்தது.